ஓரியின் அம்பும் ஓர் இரும்புக் கெண்டியும்

நம் இலக்கிய நண்பர்கள் சிலரது வீடுகளில், புத்தக அலமாரியின் நடுத்தட்டில், அண்மைக் காலமாக ஒரு பொருள் இடம்பிடித்திருக்கிறது. கறுத்த, கனத்த, மேனியெங்கும் சிறுசிறு மணிகள் எழும்பிய இரும்புக் கெண்டி. ஜப்பானியர் அதைத் ‘தெத்சுபின்’ என்கிறார்கள். தெத்சு என்றால் இரும்பு. பின் என்றால் புட்டி. தேநீர்க் குடுவை என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். மூக்கு வைத்த நீர்க்கலத்துக்குக் கெண்டி என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கும்போது குடுவை எதற்கு?

அந்தக் கெண்டியைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது நண்பர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள். ‘இப்படியொரு அழகுணர்வு நமக்கு ஏன் வாய்க்காமல் போயிற்று?’ என்பது ஒன்று. ‘அவர்களுக்கு இரும்பு என்றால் என்னவென்று தெரிவதற்கு முன்பே நாம் உருக்கிக் கொண்டிருந்தோம்’ என்பது மற்றொன்று. முதலாவது பெருமூச்சு, இரண்டாவது பெருமிதம். இரண்டுமே இரும்பைப் பற்றி யோசிக்காமல் தப்பித்துக்கொள்ளும் வழிகள் என்று எனக்குத் தோன்றுகிறது. கொல்லிமலை அடிவாரத்துக்கு அருகே இருபது ஆண்டுகளாகத் தமிழ் நடத்தி வருபவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரித்துப் பேச விரும்புகிறேன்.

முதலில் அந்தக் கெண்டி. ஜப்பானின் வடகிழக்கே இவாத்தே மாநிலத்தில் மொரியோகா, மிசுசாவா என்ற இரு ஊர்கள் இதற்குப் பெயர்போனவை. (மிசுசாவா 2006 முதல் ஓஷூ நகரத்துக்குள் அடங்கிவிட்டது.) மொரியோகாவை ஆண்ட நம்பு வம்சத்துப் பிரபுக்கள் 17-ஆம் நூற்றாண்டில் கியோத்தோவிலிருந்து வார்ப்புக் கலைஞர்களை வரவழைத்துக் குடியமர்த்தினார்கள். தேநீர்ச் சடங்குக்கான பெரிய கொதிகலங்களை வார்ப்பது அவர்கள் வேலை. கைப்பிடியும் மூக்கும் இல்லாத அந்தக் கலத்திலிருந்து அகப்பையால் நீரை முகந்து ஊற்ற வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் கொய்சுமி குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைக் கலைஞர் அந்தக் கலத்தைச் சுருக்கி, மூக்கும் பிடியும் வைத்தார். சடங்குக்குரிய கலம் அன்றாடத்துக்கு இறங்கி வந்தது. பெரிய மாற்றம் என்று இதைத்தான் நான் கருதுகிறேன். அழகைக் கூட்டவில்லை, எளிதாக ஊற்றும்படி செய்தார், அவ்வளவுதான்.

செய்முறை பொறுமையைச் சோதிப்பது. மணலையும் களிமண்ணையும் குழைத்து, மூடிய பானையின் பாதி வடிவத்தில் வெட்டிய ஒரு தகட்டை அச்சில் நிறுத்திச் சுழற்றிச் சுழற்றி வார்ப்புக்கூட்டை உருவாக்குகிறார்கள். முதலில் பருமணல், மேலே போகப்போக நயமான மண். கூடு ஈரமாக இருக்கும்போதே உட்புறத்தில் ஒரு குச்சியின் முனையால் புள்ளி புள்ளியாக அழுத்துகிறார்கள். கெண்டியின் மேல் நாம் தடவிப் பார்க்கும் மணிகள் இந்தப் புள்ளிகளின் மறுபக்கம்தான். ஜப்பானியர் இதை ‘அராரே’ என்கிறார்கள்; ஆலங்கட்டி மழை என்று பொருள். வயிற்றுப் பகுதியில் பெரியதாகத் தொடங்கித் தோளை நெருங்க நெருங்கச் சிறுத்துக்கொண்டே போகும் அந்தப் புள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும் கெண்டிகள் உண்டு. ஒன்று பிசகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பின்பு கூட்டுக்குள் மணலால் ஆன கருவை இறக்குகிறார்கள். கூட்டுக்கும் கருவுக்கும் நடுவே இருக்கும் சில மில்லிமீட்டர் வெளிதான் கெண்டியின் சுவர். அந்த வெளிக்குள் உருகிய இரும்பு ஓடி நிறைய வேண்டும்.

வார்த்து முடித்தபின் நடப்பது இன்னும் முக்கியம். கெண்டியை மறுபடியும் கரியடுப்பில் இட்டு, ஏறத்தாழ 900 பாகை சூட்டில் பழுக்கக் காய்ச்சுகிறார்கள். இரும்பின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிறது. துருவைத் தடுக்கத் துருவின் உறவினரையே காவல் வைக்கும் தந்திரம் இது. வெளிப்புறத்தைச் சூடாக்கி அரக்கு பூசுகிறார்கள்; இரும்பை ஊறவைத்த புளித்த நீரில் தேயிலைச் சாற்றைக் கலந்து மேலே தடவுகிறார்கள். அந்தக் கறுப்பு அப்படி வந்தது. உள்ளே ஒன்றும் பூசுவதில்லை. தண்ணீர் நேரே இரும்பைத் தொட்டுக் கொதிக்க வேண்டும். கொதிக்கும்போது கொஞ்சம் இரும்பு நீரில் இறங்க வேண்டும். தேநீர்ச் சடங்கின் கொதிகலங்களில் அடியில் சிறு இரும்புத் துண்டுகளை ஒட்டிவைக்கும் வழக்கமும் உண்டு. நீர் சூடேறும்போது அவை ஒலி எழுப்பும்; பைன் மரங்களுக்கிடையே காற்று புகுவது போன்ற ஒலி என்பார்கள். ஒகாகுரா காகுசோ 1906-இல் எழுதிய தேநீர் நூலில் இதைப் பற்றிய குறிப்பு உண்டு. (அவர் விவேகானந்தரைச் சந்திக்க இந்தியா வந்து தாகூர் குடும்பத்தோடு பழகியவர்.)

இன்னொரு நுட்பம் பலர் கண்ணில் படுவதில்லை. கெண்டியின் உடல் வார்ப்பு. அதன் வளைந்த கைப்பிடி வார்ப்பு அல்ல. அது வேறொரு கலைஞர் உலையில் காய்ச்சி அடித்துச் செய்தது. உயர்ந்த வகைக் கைப்பிடிகள் உள்ளே வெறுமையாக இருக்கும். தகட்டைக் குழாயாகச் சுருட்டி, பொருத்து தெரியாமல் அடித்து வளைத்திருப்பார்கள். பிடி சுடாமலிருக்க இது வழி. இந்தப் பிடிகளைச் செய்யத் தெரிந்தவர்கள் இன்று ஜப்பானிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். வார்க்கும் மரபும் அடிக்கும் மரபும் ஒரு கலத்தில் சந்திக்கின்றன. இந்தப் பிடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; நம் ஊர்க் கதை அடிக்கும் மரபைச் சேர்ந்தது.

இனி பெருமூச்சுக்காரர்களிடம் வருகிறேன். நம்மிடம் வார்ப்பிரும்புக் கெண்டி தோன்றாததற்குக் காரணம் அழகுணர்வின் குறை அல்ல, உலையின் இயல்பு. தூய இரும்பு உருக 1,500 பாகைக்கும் மேல் சூடு வேண்டும். கரியோடு நன்றாகக் கலந்த இரும்பு, அதாவது நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு கரி ஏறிய இரும்பு, 1,150 பாகையை ஒட்டியே உருகி ஓடும். அதுதான் வார்ப்பிரும்பு. உயரமான உலைகளால் அதைச் சாதித்தவர்கள் சீனர்கள். ஜப்பானின் வார்ப்பு மரபு அந்த வழியில் வந்தது. நம் உலைகள் சிறியவை. சேலம் பகுதி உலைகளை நேரில் பார்த்து எழுதிய ஐரோப்பியர் குறிப்புகளின்படி அவை மூன்று முதல் ஐந்தடி உயரம், களிமண் கட்டு, ஆட்டுத்தோல் துருத்தி. அவற்றில் கசடுதான் உருகி ஓடும். இரும்பு உருகாமல், நுரைத்த கடற்பஞ்சுபோல அடியில் திரளும். அதை எடுத்து அடித்து, காய்ச்சி, மறுபடியும் அடித்துக் கசடைப் பிழிந்தால் தேனிரும்பு. இந்த இரும்பு வார்க்க ஒத்துவராது, அடிக்கத்தான் ஒத்துவரும். கொழு, அரிவாள், கோடரி, வேல்முனை, அம்புமுனை எல்லாம் அடித்தெடுத்தவை.

அடிப்பதோடு நம்மவர் நின்றுவிடவில்லை. தேனிரும்புத் துண்டைச் சிறு மண்குப்பிக்குள் இட்டு, கூடவே ஆவாரங்கட்டையின் சில்லுகளைப் போட்டு, எருக்கிலையால் மூடி, மேலே களிமண் பூசிக் காய்ச்சினார்கள். அடைபட்ட குப்பிக்குள் கரி இரும்பில் ஏறி, இரும்பு உருகி, ஆறும்போது எஃகு. உலகம் ‘ஊட்ஸ்’ என்று அழைத்தது இதைத்தான். மைக்கேல் பாரடே 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் உட்கார்ந்து இதன் இரகசியத்தைக் கண்டுபிடிக்க முயன்றார். ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் போடுவதைக் குறித்துவைத்தவர்களுள் ஜோசையா மார்ஷல் ஹீத் ஒருவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வார்ப்பிரும்புக்கும் தேனிரும்புக்கும் நடுவே மிகச் சரியாக ஒரு கரி அளவில் நிற்கும் எஃகைத் தராசு இல்லாமல், வெப்பமானி இல்லாமல், வேலியோரத்துச் செடிகளைக் கொண்டு எட்டியவர்களைப் பார்த்து, அழகுணர்வு இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இந்தக் கதையில் கொல்லிமலைக்கும் பங்கு உண்டு. கஞ்சமலை, கோதுமலை, தீர்த்தமலை, தலைமலை ஆகியவற்றோடு கொல்லிமலையிலும் காந்த இரும்புத் தாதுப் படுகைகள் இருப்பதை 19-ஆம் நூற்றாண்டு நிலவியலாளர்கள் வரைபடமாக்கினார்கள். (கொல்லிமலையின் பெயரையும், இரும்பு வேலையையும் கொல்லனையும் குறிக்கும் ‘கொல்’ என்ற சொல்லையும் முடிச்சுப்போட எந்தத் தமிழாசிரியனுக்கும் கை அரிக்கும். சான்று இல்லாமல் அதைச் செய்வதில்லை என்று வைராக்கியமாக இருக்கிறேன்.) அடிவாரத்து ஓடைகளில் மழைக்குப் பின் கறுத்த மணல் ஒதுங்கும், காந்தத்தைக் காட்டினால் மயிர்போல எழுந்து ஒட்டும். ஜப்பானியரின் பழைய உலைகளும் இப்படிப்பட்ட இரும்பு மணலைத்தான் தின்றன என்பதை நினைக்கும்போது இரு நாட்டுக் கொல்லர்களும் ஒருவரையொருவர் எளிதில் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று தோன்றும்.

அடுத்தது பெருமிதக்காரர்கள். அவர்களுக்கு இப்போது கொண்டாட்டக் காலம். நொய்யல் கரையில் கொடுமணலில் 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகள் இரும்பு, எஃகுத் தொழில்களின் சான்றுகளை வெளிக்கொண்டுவந்தன. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். 2025 சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை சிவகளை முடிவுகளை வைத்து அதை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்குக் கொண்டுபோனது. அறிஞர்கள் இதை விவாதிக்கிறார்கள், விவாதிக்கட்டும். ஐயாயிரம் ஆண்டோ மூவாயிரம் ஆண்டோ, எதுவானாலும் தொன்மை மிக்கதுதான். என் கேள்வி தொன்மையின் இந்த முனையைப் பற்றியதல்ல, அந்த முனையைப் பற்றியது. இந்த மரபு எப்போது தொடங்கிற்று என்பதில் காட்டும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கையாவது, இது எப்போது, எப்படி முடிந்தது என்பதில் நாம் காட்டியிருக்கிறோமா?

முடிந்த கதைக்கு ஆள், ஊர், ஆண்டு எல்லாம் உண்டு. சென்னை அரசாங்கத்தில் குடிமைப் பணியில் இருந்த ஹீத், 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலம் பகுதித் தாது, நம் காடுகளின் கரி, ஐரோப்பிய பாணி ஊதுலை. அந்த உலையிலிருந்து வந்தது உருகி ஓடும் வார்ப்பிரும்பு. ஊதுலைகள் கரியைத் தின்று தீர்த்தன. காடு எட்டாத தூரத்துக்குப் போயிற்று. இங்கிலாந்தில் நிலக்கரியால் செய்த மலிவான இரும்போடு போட்டியிட முடியவில்லை. நிறுவனம் பெயர் மாறி, கைமாறி, 1860களில் அணைந்தது. ஹீத்தும் செழிக்கவில்லை. எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் உரிமம் பெற்றார். ஷெபீல்டு முதலாளிகள் அதைச் சுற்றி வேறு வழி கண்டு பொருள் சேர்த்தார்கள். அவர் வழக்காடியே ஓய்ந்தார். இரயில் பாதையோடு சீமை இரும்புக் கம்பிகள் உள்ளூர்ச் சந்தைக்கு வந்தன. 1882-இன் சென்னை வனச் சட்டம் கரி சுடுவதற்குக் கடிவாளம் போட்டது. 1892-இல் தாமஸ் ஹாலண்ட் சேலம் மாவட்டத்து இரும்புத் தொழில் பற்றி அறிக்கை எழுதியபோது அந்தச் சிற்றுலைகள் அணையும் தறுவாயில் இருந்தன.

‘வெள்ளைக்காரன் அழித்துவிட்டான்’ என்பது இந்த அளவில் உண்மை. ஆனால் அணைந்தது தாதை உருக்கும் உலை. சீமை இரும்பை வாங்கிக் காய்ச்சி அடிக்கும் கொல்லன் உலை அதற்குப் பின்னும் நூறாண்டு ஊருக்கு ஊர் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதை அணைத்தவர் எந்த வெள்ளைக்காரர்? சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியபோது துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலையாகத்தான் தொடங்கியது. கஞ்சமலைத் தாது கஞ்சமலையிலேயே கிடந்தது. துருப்பிடிக்காத எஃகு நம் அடுக்களைப் பெண்களுக்குப் புளிபோட்டுத் தேய்க்கும் உழைப்பை மிச்சப்படுத்தியது. அதைப் பழிப்பவர்கள் பித்தளை அண்டா தேய்த்தவர்களாக இருக்க வாய்ப்பில்லை. நான் பழிக்கவில்லை. பயன்பாட்டிலிருந்து ஒரு பொருள் போகும்போது அதைச் செய்த கையும் போகிறது என்பதைத்தான் குறிப்பிடுகிறேன். கை போகிறபோது நாம் எவரும் ஒரு வரிகூட எழுதவில்லை என்பது என் மனக்குறை.

இங்கே இலக்கியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த மறதிக்கு நம் வாசிப்புப் பழக்கமும் பொறுப்பு. கொல்லிக்குத் தலைவன் வல்வில் ஓரி. வன்பரணர் பாடிய புறநானூற்று 152-ஆம் பாட்டில் அவன் விட்ட ஒற்றை அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. இந்தப் பாட்டை வகுப்பில் நடத்தாத ஆண்டு இல்லை. வில்லின் வலிமை, கையின் வலிமை, கொடையின் பெருமை எல்லாம் கரும்பலகையில் ஏறும். ஐந்து உடல்களைத் துளைத்தும் மழுங்காத அந்த முனையை அடித்தவன் யார் என்று எந்தத் தேர்விலும் வினா வந்ததில்லை. யானையின் எலும்பைக் கடந்தது புகழ்ச்சியின் மிகை என்றே வைத்துக்கொள்வோம். அந்த மிகைக்கும் ஓர் எல்லை வேண்டும். கேட்பவர்கள் நல்ல இரும்பைக் கையாண்டு பழகியவர்களாக இருந்தால்தான் அப்படியொரு மிகை எடுபடும்.

சங்கப் புலவர்கள் கொல்லனை மறக்கவில்லை. பொன்முடியார் புறநானூற்று 312-இல் ஒரு மகனை வீரனாக்குவதில் யார் யாருக்கு எந்தக் கடமை என்று பங்கிடும்போது, வேலை வடித்துத் தருவதைக் கொல்லனுக்கு வைக்கிறார். தாய்க்கும் தந்தைக்கும் வேந்தனுக்கும் இணையான வரிசையில். மதுரைப் பெருங்கொல்லன், மதுரைக் கொல்லன் புல்லன், மதுரைக் கொல்லன் வெண்ணாகனார் என்று தொழிலையே பெயராகக் கொண்ட புலவர்களின் பாடல்களைத் தொகைநூல்கள் காத்துவைத்திருக்கின்றன. உலைக்களத்தில் நின்றவர் அகப்பாட்டு எழுதிய காலம் ஒன்று இருந்தது. பின்னால் என்ன ஆயிற்று? தமிழரின் பொதுநினைவில் நிலைத்த ஒரே கொல்லன், சிலப்பதிகாரத்தில் கோவலன்மேல் பழிபோட்ட பொற்கொல்லன். அதே காப்பியத்தின் உரைபெறு கட்டுரை, கண்ணகிக்காக ஆயிரம் பொற்கொல்லரைப் பாண்டியன் பலியிட்ட செய்தியைச் சொல்கிறது. ஒரு மன்னன் இடையன் ஒருவன் செய்த தவறுக்காக ஆயிரம் இடையரைப் பலியிட்டான் என்று எழுதியிருந்தால் நாம் அதை இவ்வளவு அமைதியாகக் கடந்திருப்போமா என்று தெரியவில்லை.

ஆனால் இந்த விவாதத்துக்கு முழு வெளிச்சம் தருவது ஔவையாரின் புறநானூற்று 95. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன ஔவைக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். இங்குள்ளவை பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசி, காவல் மிக்க மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. வஞ்சப்புகழ்ச்சி என்று குறிப்பெழுதிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். இரும்பைப் பற்றிய தமிழின் ஆகச் சிறந்த திறனாய்வு அந்தப் பாட்டில் இருக்கிறது என்பது என் கருத்து. பயன்படும் இரும்பின் இருப்பிடம் கொல்லனின் பட்டறை. அலங்கரித்து வைத்த இரும்பைப் பார்த்து ஔவை சிரிக்கிறார்.

அலமாரியின் நடுத்தட்டுக் கெண்டி தொண்டைமானின் வேல் வகையைச் சேர்ந்தது. நம் ஊர்களில் விற்கும் பெரும்பாலான கெண்டிகளின் உட்புறம் எனாமல் பூசியிருக்கும். அவற்றை அடுப்பில் வைக்கக் கூடாது. தேயிலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி வைக்கத்தான் ஆகும். சீனத்தில் வார்த்தவையும் அவற்றில் நிறைய. மொரியோகாக் கெண்டியைப் பற்றி நண்பர்கள் சொல்லும் இரும்பு நீரின் சுவை இவற்றில் கிடைக்காது. இதற்காக எனாமலைத் திட்டவும் மாட்டேன். போருக்குப் பின் ஜப்பானிய வீடுகளில் அலுமினியக் கெண்டியும் எரிவாயு அடுப்பும் நுழைந்து இரும்பைத் தள்ளியபோது, சிவப்பும் நீலமும் பூசிய எனாமல் கெண்டிகளை வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் அந்தப் பட்டறைகள் மூச்சுவிட்டன. தூய்மை பேசியிருந்தால் பட்டறை போயிருக்கும். 1974-இல் ஜப்பானிய அரசு மரபுக் கைத்தொழில்களுக்கென்று சட்டம் இயற்றி, 1975-இல் நம்பு இரும்பை முதல் வரிசையிலேயே அந்தப் பட்டியலில் சேர்த்தது. பன்னிரண்டு ஆண்டுகள் தொழில் செய்தவர் தேர்வெழுதி ‘மரபுக் கைவினைஞர்’ என்ற பட்டம் பெறலாம். கெண்டியின் அடியிலோ பெட்டியிலோ செய்தவர் பெயர் இருக்கும். வாங்குகிறவர் பெயரைக் கேட்டு வாங்குகிறார். இந்தக் கடைசிச் செய்தியைத்தான் நம் நண்பர்கள் கவனிக்காமல் விடுகிறார்கள்.

அதியமானின் வேல் வகை நம் வீடுகளிலும் இருக்கிறது: தோசைக்கல். புதுக் கல்லை வாங்கியதும் வடித்த கஞ்சியில் ஊறவைத்து, எண்ணெய் தடவிக் காய்ச்சி, பாதி வெங்காயத்தை முள்கரண்டியிலோ கத்தியிலோ குத்தித் தேய்த்து, முதல் நான்கைந்து தோசைகளைப் பிய்த்தெறிந்து, கல்லைப் ‘பழக்குகிறார்கள்’. மாட்டையும் பழக்குகிறோம், கல்லையும் பழக்குகிறோம். கெண்டியைப் பயன்படுத்தும் ஜப்பானியக் குடும்பங்களும் இதையேதான் செய்கின்றன: உள்ளே தேய்க்கக் கூடாது, சூடு இருக்கும்போதே நீரைக் கொட்டி உலரவிட வேண்டும், உள்ளே வெண்மையாகப் படியும் உப்புப் படலத்தைப் பொக்கிஷம்போலக் காக்க வேண்டும். அதைக் கேட்டு வியக்கும் நண்பர், தன் தாயார் தோசைக்கல்லில் சோப்பு படக் கூடாது என்று மருமகளோடு சண்டைபிடிப்பதைப் பழமைவாதம் என்று எண்ணுகிறார்.

மலைமேல் இப்போது என்ன நிலை? கரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மிளகு, காப்பி, அன்னாசி, மரவள்ளி. மலையாளி மக்களின் வேலை முழுக்க வெட்டுவதும் கவாத்து செய்வதும் கொத்துவதும். சென்ற ஆண்டு வட்டார வழக்குப் பயிற்சிக்காக ஒரு மாணவன் எழுதிவந்த தாளில், தன் தந்தை ஆண்டுக்கு ஒருமுறை தேய்ந்த கொடுவாளையும் கொத்தையும் சாக்கில் கட்டிக்கொண்டு அடிவாரத்து உலைக்கு இறங்கிப் போவதை எழுதியிருந்தான். கொல்லர் லாரிப் பட்டையைத் துண்டாக்கிக் காய்ச்சி, வாயில் எஃகு வைத்து அடித்து, தோய்ச்சல் போட்டுத் தருகிறார். சந்தையில் விற்கும் தகட்டு அரிவாளைவிட விலை கூடுதல். ஆனால் காப்பிக் கவாத்துக்கு அது வளைந்துவிடுகிறதாம். அந்த உலையில் துருத்திக்குப் பதில் இப்போது மின்விசிறி. கொல்லரின் மகன் திருப்பூரில் வேலையில் இருக்கிறான். அந்தத் தாளில் ‘தோய்ச்சல்’ என்ற சொல்லின் கீழ் வேறோர் ஆசிரியர் சிவப்பு மையால் கோடிட்டு வினாக்குறி போட்டிருந்தார்.

அந்த வினாக்குறிதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. காய்ந்த இரும்பை எந்தச் செம்மையில் எடுத்து, எந்த நீரில் எவ்வளவு ஆழம் முக்கினால் வாய் உடையாமலும் மடங்காமலும் நிற்கும் என்ற அறிவு முழுதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. பட்டடை, குறடு, சம்மட்டி போன்றவை அகராதியில் கிடைக்கும். நிறத்தை வைத்துச் சூட்டைச் சொல்லும் சொற்களும், கசடாகிய கிட்டத்தின் வகைகளைச் சொல்லும் சொற்களும், அடிப்பவரும் சம்மட்டிக்காரரும் பேசாமலே பேசிக்கொள்ளும் தட்டொலிகளின் பெயர்களும் எந்த அகராதியில் இருக்கின்றன? எங்கள் துறைகளில் ஆண்டுதோறும் குவியும் ஆய்வேடுகளைப் பார்க்கிறேன். ‘சங்க இலக்கியத்தில் உலோகங்கள்’ என்ற தலைப்பு சலிக்கச் சலிக்க வருகிறது. பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் எரியும் உலைக்குக் குறிப்பேட்டோடு போன மாணவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கொல்லிமலையே இதற்கு ஒரு வழியும் காட்டியிருக்கிறது. மரவள்ளி பரவியதில் சாமையும் தினையும் மலையிலிருந்து மறைந்துகொண்டிருந்தன. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களிலிருந்து அங்கே வேலை செய்தபோது, சிறுதானியத்தின் பெருமையை மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை. உரலில் இடித்து உமி நீக்கும் பாடுதான் பெண்களைச் சாமையை விட்டு விலகவைத்தது என்று கண்டு, சிறிய அரைவை இயந்திரங்களை மலையூர்களுக்குக் கொண்டுவந்தார்கள். மகளிர் குழுக்கள் பொட்டலமிட்டு விற்க வழிசெய்தார்கள். மூக்கும் பிடியும் வைத்த கொய்சுமி செய்ததும் இதுவே. புழங்குவதற்கு இருந்த இடைஞ்சலை நீக்கினார்கள்.

கொல்லருக்கு என்ன இடைஞ்சல் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். நான் கேட்ட அளவில் கரி விலை ஒன்று. வாங்குபவர்கள் பேரம் பேசும் விதம் மற்றொன்று. மொரியோகாக் கெண்டிக்குக் கேட்ட விலையைக் கொடுத்து, அஞ்சல் செலவும் கொடுத்து வாங்கும் நாம், பத்தாண்டு உழைக்கும் கொடுவாளுக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். பெயர் கேட்பதில்லை. கத்தியில் அவரவர் முத்திரை இடும் பழக்கம் நம் கொல்லர்களிடமும் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்த விவசாயிகள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் கல்லூரியில் இந்தப் பருவத்தில் பத்து மாணவரை ஐந்து உலைகளுக்கு அனுப்பிச் சொல்லடைவு ஒன்று தொகுக்கலாம் என்று துறையில் கேட்டிருக்கிறேன். சேலம், தருமபுரி, நாமக்கல் பகுதிகளில் பணிபுரியும் நண்பர்கள் தங்கள் ஊர் உலைகளுக்கும் இதைச் செய்ய முன்வந்தால் மூன்று மாவட்டச் சொற்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

ஆடிப் பதினெட்டை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. மலர்க் கண்காட்சி உண்டு, வில்வித்தைப் போட்டி உண்டு, ஓரி சிலைக்கு மாலை உண்டு. போட்டியில் எய்யும் அம்புகள் கடையில் வாங்கியவை. அடுத்த விழாவில் போட்டித் திடலுக்குப் பக்கத்தில் ஒரு உலையை மூட்டி, அடிவாரத்துக் கொல்லர் ஒருவரை அவர் பெயரை அறிவித்து அழைத்து, கூட்டத்தின் முன் நான்கு அம்புமுனைகளை அடிக்கச் சொல்லலாம். கூலியை அவர் சொல்லட்டும்.